கவட்டுக் குடலிறக்கம்: துளை போட்டுச் செய்வதா, வெட்டிச் செய்வதா?

(எமது தோட்டத் தொழிலாளர் சுற்றுலாக் குழுவினரும் உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்களும் காங்கேசன்துறையில் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு. பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



காலையில் கீரிமலையில் தீர்த்தமாடி, மாவிட்டபுரத்தில் கும்பிட்டு வந்த களைப்போடு இருக்கிறீங்க. அதனால் நீட்டிப் பேசப் போவதில்லை. ஆனால் இந்த ஊரில் நின்றுகொண்டு சுமையைப் பற்றிப் பேசாமல் போவது சரியில்லை. இங்கே 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியது. 1990இல் யுத்தத்தால் நின்றுபோகும் வரைக்கும் இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகச் சீமெந்து போனது. அதே 1990இல் நின்ற ரயில், 2015 ஜனவரியில் மறுபடியும் இந்த ஊருக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. துறைமுகம் என்றால் சுமை. மலையிலே நாங்கள் கொழுந்துக் கூடையும் உர மூட்டையும் தூக்குகிறோம், நீங்கள் இங்கே வேறு மூட்டை தூக்குகிறீங்க. முதுகு எல்லாம் ஒரே முதுகுதான்.

சுமை தூக்குகிறவர்கள் மத்தியில் வெளியே சொல்லாமல் மறைக்கிற ஒரு வருத்தம் இருக்கிறது. தொடையும் வயிறும் சேருகிற கவட்டில் ஒரு வீக்கம் வரும். நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். இருமினால் துள்ளும். சிலர் ‘வாயு இறங்கிருச்சு’ என்பார்கள். டொக்டர்மார் குடலிறக்கம் என்பார்கள், ஹேர்னியா என்றும் சொல்வார்கள். இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் ஆம்பிளைகள் மனைவிக்கே சொல்வதில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வெட்கத்தைத்தான் முதலில் நாம் விட வேண்டும். பல்வலியைப் போல, கண்பார்வையைப் போல, இதுவும் உடம்பில் வருகிற ஒரு வருத்தம்தான்.

இது என்ன வருத்தம்?

எங்கள் வயிற்றின் முன்சுவர் தசையால் ஆனது. ஆண் பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போது, விதைகள் வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கி வருகின்றன. அவை வந்த வழி கவட்டில் ஒரு பலவீனமான இடமாகவே நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் அந்த இடம் தளர்ந்தால், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ குடலோ பை போலப் பிதுங்கி வெளியே வருகிறது. கூடை பழசாகி ஒரு பிரம்பு விட்டுப்போனால் கொழுந்து அந்த ஓட்டையால் தலைநீட்டுவதைப் பார்த்திருப்பீங்க. அப்படித்தான் இதுவும்.

சுமை தூக்கியதால் மட்டும்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வரலாம். வயது போகப் போக வரலாம். ஒரு பக்கம் வந்தவருக்கு மறுபக்கமும் வரலாம். ஆட்டி வைக்கும் இருமல், மலச்சிக்கலால் முக்குவது ஆகியவை வீக்கத்தைப் பெரிதாக்கும். இங்கிலாந்தில் எடுத்த கணக்கின்படி, ஓர் ஆணுக்கு வாழ்நாளில் கவட்டுக் குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 27 வீதம், பெண்ணுக்கு 3 வீதம். நாலு ஆம்பிளைகளில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்க. இப்போது பக்கத்தில் இருப்பவரைப் பாருங்க, வெட்கம் கொஞ்சம் குறையும்.

கவட்டில் உள்ள வீக்கமெல்லாம் குடலிறக்கம் அல்ல. விதைப்பையில் நீர் கட்டுவது வேறு, நெறி கட்டுவது வேறு. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டினால் அனேகமாகக் கையால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கடையில் விற்கும் இறுக்குப் பட்டி ஓட்டையை மூடாது, வீக்கத்தைக் கொஞ்ச நேரம் அமத்தி வைக்கும், அவ்வளவுதான். எண்ணெய் தேய்ப்பதும், பத்துப் போடுவதும், குளிசை குடிப்பதும் ஓட்டையை அடைக்காது. வளர்ந்தவர்களுக்கு இதைச் சரிசெய்ய ஒப்பரேசன் ஒன்றுதான் வழி.

பொறுக்கலாமா, உடனே செய்ய வேண்டுமா?

‘உடனே செய்யாட்டி செத்துப் போயிருவியா?’ என்று கேட்பவர்களும் உண்டு, ‘நாளைக்கே வெட்டணும்’ என்று பயப்படுத்துபவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. அமெரிக்காவில் அதிகம் தொந்தரவு இல்லாத குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு ஒப்பரேசன் செய்தார்கள், மறு பாதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். 2006இல் முடிவு வந்தது. காத்திருந்தவர்களில் திடீர் ஆபத்து வந்தது ஆண்டொன்றுக்கு 1,000 பேருக்கு 2 பேருக்கும் குறைவு. ஆகவே வலியில்லாத சிறு வீக்கம் உள்ள ஆண், டொக்டர் பார்வையில் இருந்துகொண்டு, பயிர்க்காலம் முடியட்டும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்று பொறுக்கலாம். ஆனால் இன்னொன்றையும் கேளுங்க. அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, காத்திருந்தவர்களில் 68 வீதமானோர் கடைசியில் ஒப்பரேசனுக்கே வந்துவிட்டார்கள். பெரும்பாலும் வலி கூடியதுதான் காரணம். எனவே பொறுக்கலாம், மறக்கக் கூடாது.

இந்தப் பொறுமை பெண்களுக்குப் பொருந்தாது. பெண்களுக்குத் தொடையின் மேல்மூலையில் வருகிற வகைக் குடலிறக்கம் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம் உள்ளது. தாய்மாரே, கவட்டில் சிறு கட்டி என்றாலும் காட்டுங்க. கைக்குழந்தைகளுக்கும் பொறுக்கக் கூடாது. அழும்போது கவட்டில் வீங்கினால் சீக்கிரம் காட்ட வேண்டும்.

ஆபத்தின் அடையாளங்களை எல்லோரும் மனப்பாடம் பண்ண வேண்டும். உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் போகாமல் கல்லுப்போல நிற்பது, கடும் வலி, வாந்தி, காற்றும் மலமும் போகாமல் வயிறு ஊதுவது, வீக்கத்தின் மேல்தோல் சிவப்பது அல்லது கறுப்பது. குடல் சிக்கி இரத்தம் ஓடாமல் இருக்கிறது என்பதே இதன் பொருள். சில மணித்தியாலங்களில் குடல் அழுகத் தொடங்கலாம். விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. பலங்கொண்டு உள்ளே அமத்தக் கூடாது, சூடு போடக் கூடாது, சாப்பிடக் கொடுக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வண்டி லயத்தடிக்கு வர முடியாவிட்டால் றோட்டு வரை தூக்கிக்கொண்டு போய் நில்லுங்க.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இப்படிப் பல வருடம் மறைத்து வைத்திருந்தார். ஒரு மழை இரவில் கறுத்த வீக்கத்தோடு பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. மாதக்கணக்கில் அவருக்குப் பேர் இல்லை. பகலில், சாவகாசமாகச் செய்திருந்தால் இரண்டு மூன்று நாளில் வீடு வந்திருப்பார்.

இரண்டு வழிகள்

இப்போது நீங்கள் எங்களிடம் அதிகம் கேட்கிற கேள்விக்கு வருவோம். ‘கத்தியால வெட்டாம ஓட்டை போட்டுச் செய்றாங்களாமே, அது நல்லதா?’

முதலில் வெட்டிச் செய்வது. 1880களில் இத்தாலியில் பஸ்சினி என்ற டொக்டர், தளர்ந்த தசையை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இழுத்துத் தைத்த இடம் சிலருக்கு மறுபடி விட்டுப்போனது. 1980களில் அமெரிக்காவில் லிச்சென்ஸ்டைன் என்பவர், இழுக்காமல் ஓட்டையின் மேல் ஒரு செயற்கை வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். கிழிந்த சாக்கை இழுத்துத் தைப்பதற்கும் ஒட்டுத்துணி வைத்துத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கவட்டில் ஒரு சிறு வெட்டு, வலை, தையல். அந்த இடத்தை மட்டும் விறைக்கப் பண்ணியும் இதைச் செய்யலாம் என்பது இதன் பெரிய நன்மை.

அடுத்தது துளைவழி ஒப்பரேசன். 1990களின் தொடக்கத்தில் இது குடலிறக்கத்துக்கு நன்கு பரவியது. முழு மயக்கம் கொடுப்பார்கள். தொப்புள் அருகில் ஒரு துளை, கீழே இன்னும் இரண்டு சிறு துளைகள். காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, ஒரு துளையால் கமராவையும் மற்றத் துளைகளால் ஆயுதங்களையும் விடுவார்கள். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார். தசைச்சுவரின் உள்பக்கத்தில் வலையை விரித்து வைப்பார். வயிற்றுக் குழிக்குள் போய்ச் செய்வது ஒரு வகை, குழிக்குள் போகாமல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே செய்வது இன்னொரு வகை. இரண்டிலும் வைப்பது வலைதான். ஆகவே ‘துளை போட்டால் உள்ளே ஒன்றும் வைக்க மாட்டாங்க’ என்ற பேச்சு சரியில்லை.

எது பத்திரம்?

இதைக் கணக்கோடு சொல்ல வேண்டும். உலகின் பல நாடுகளில் நடந்த 41 ஆய்வுகளை, 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விபரத்தைச் சேர்த்து, கொக்ரேன் அமைப்பு 2003இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் கண்டவை இவை.

துளைவழி செய்தவர்கள் வழக்கமான வேலைகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகத் திரும்பினார்கள். நீடித்த வலி, துளைவழியில் 100 பேரில் சுமார் 14 பேருக்கு, வெட்டிச் செய்ததில் சுமார் 19 பேருக்கு. மரத்துப்போகும் தன்மையும் துளைவழியில் ஏறக்குறைய பாதிதான். இது நல்ல பக்கம்.

மறுபக்கம். துளைவழிக்குச் சராசரியாக 15 நிமிடம் கூட எடுத்தது. குடல், சலப்பை போன்ற உள்ளுறுப்பில் காயம் படுவது மிக அரிது, என்றாலும் துளைவழியிலேயே கூட இருந்தது. துளைவழியில் 2,315 பேரில் 8 பேருக்கு, வெட்டிச் செய்ததில் 2,599 பேரில் ஒருவருக்கு. வீக்கம் திரும்ப வருவதைப் பார்த்தால், துளைவழிக்கும் வலை வைத்து வெட்டிச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொரு கணக்கு மிக முக்கியம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் வீக்கம் திரும்ப வந்தது துளைவழியில் 10.1 வீதம், வெட்டிச் செய்ததில் 4.9 வீதம். முதல் பார்வைக்குத் துளைவழி தோற்றதுபோல இருக்கும். ஆனால் 250க்கு மேல் இந்த ஒப்பரேசன் செய்து பழகிய டொக்டர்களின் நோயாளிகளை மட்டும் எடுத்தால், அந்தத் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டியிலும், துளைவழியில் கைதேர சுமார் 100 ஒப்பரேசன் மூத்தவர் மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கருவியை விடக் கை பெரிது. கவ்வாத்துக் கத்தி எவ்வளவு கூர் என்றாலும் பழகாத கையில் கொடுத்தால் மரம் பட்டுப்போகும் அல்லவா? துளைவழியில் பழகிய டொக்டரிடம் துளைவழி நல்லது. வெட்டிச் செய்வதில் பழகிய டொக்டரிடம் அதுவே நல்லது.

நீண்டகால வலியைப் பற்றியும் மறைக்கக் கூடாது. எந்த முறையில் செய்தாலும், பொருட்படுத்தத்தக்க வலி நூற்றுக்குப் 10 முதல் 12 பேருக்கு மாதக்கணக்கில் இருக்கலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. காலப்போக்கில் அது குறையும். வேலை செய்ய முடியாத அளவு வலி வெகு சிலருக்கே வரும். அப்படி வந்தால் ‘தலையெழுத்து’ என்று கிடக்காமல் திரும்பக் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

யாருக்கு எது பொருந்தும்?

இரண்டு பக்கமும் குடலிறக்கம் உள்ளவருக்குத் துளைவழி வசதி, அதே துளைகளால் இரண்டையும் முடிக்கலாம். முன்னர் வெட்டிச் செய்து மறுபடி வந்தவருக்கும் துளைவழி பொருந்தும், பழைய தழும்புக்குள் போகாமல் பின்பக்கத்தால் போகலாம். பெண்களுக்கும், பழகிய டொக்டர் இருந்தால், துளைவழியையே வழிகாட்டி சிபாரிசு செய்கிறது. ஏனென்றால் மறைந்திருக்கும் தொடை வகைக் குடலிறக்கத்தையும் அதில் கண்டு மூடலாம்.

இருதய வருத்தம், கடும் சுவாச வருத்தம் உள்ளவருக்கு முழு மயக்கம் பாரம். அவர்களுக்கு இடத்தை விறைக்க வைத்து வெட்டிச் செய்வது பத்திரம். விதைப்பை வரை இறங்கிய பெரிய வீக்கம், சலவழிச் சுரப்பியில் முன்னர் பெரிய ஒப்பரேசன் செய்தவர்கள், கீழ்வயிற்றில் பழைய வெட்டு உள்ளவர்கள் விடயத்திலும் டொக்டர் அனேகமாக வெட்டும் முறையையே சொல்வார். அப்படிச் சொன்னால், ‘நான் தோட்டத்துக்காரன் என்பதால் பழைய முறை தாறாங்க’ என்று மனம் நோக வேண்டாம். உங்கள் உடம்புக்கு அதுவே நல்லது என்பதால் சொல்கிறார்.

கடன் வாங்க வேண்டாம்

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, லொறிக்கு மூட்டை ஏற்றுபவர். யாரோ சொன்னதைக் கேட்டு, ‘வெட்டினா ஆம்பிளத்தனம் போயிரும், ஓட்டை போட்டாத்தான் பிழைக்கலாம்’ என்று பயந்து, மனைவியின் சங்கிலியை ஈடு வைத்துத் தனியாரிடம் போக நின்றார். முதற்பக்கக் குடலிறக்கம், ஒரே பக்கம், வேறு வருத்தம் கிடையாது. அரசாங்க வைத்தியசாலையில் வலை வைத்து வெட்டிச் செய்தார்கள். இன்றைக்கு அவர் வேலை செய்கிறார், சங்கிலியும் கழுத்தில் இருக்கிறது. பிறகு அவருக்குப் பெண் பிள்ளையும் பிறந்தது.

அரசாங்க வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்குக் காசு இல்லை. துளைவழி வசதி உள்ள பெரிய வைத்தியசாலைகளிலும் அப்படித்தான். வரிசையில் காத்திருக்க வேண்டி வரும், அது உண்மை. ஆனால் சிக்காத வீக்கத்துக்குக் காத்திருக்க நேரம் உண்டு என்று முன்பே சொன்னோம். வட்டிக் கடன் காத்திருக்காது.

விலை கூடியதுதான் நல்லது என்ற நினைப்புக்கு ஒரு பதில் சொல்கிறோம். மகாராஷ்டிரத்தில் ஒரு சிறு ஊரில் டொக்டர் தொங்காவங்கர் என்பவர், விலை கூடிய வலை வாங்க முடியாத ஏழைகளுக்கு, நுளம்பு வலைத் துணியைக் கிருமி நீக்கி வைத்து ஒப்பரேசன் செய்தார். பிறகு உகண்டாவில் 302 ஆண்களை வைத்து இந்த மலிவு வலையையும் விலை கூடிய வலையையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் காணவில்லை. ஏழைக்கான வைத்தியம் என்றால் இரண்டாந்தர வைத்தியம் அல்ல.

இந்தப் புதிய முறை எங்கோ வெள்ளைக்காரர் சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். கோயம்புத்தூரில் துளைவழி ஒப்பரேசனுக்குப் பேர்போன டொக்டர் பழனிவேலு, இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்து, பிறகு படித்து வந்தவர். இந்த யாழ்ப்பாண மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1847இல் இங்கே வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், சத்திரசிகிச்சை நூலைக்கூடத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எங்கள் மொழியில் கேட்டு விளங்கிக்கொள்வது எங்கள் உரிமை என்பதை அவர் அன்றே காட்டினார்.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

கிளினிக்கில் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் இவற்றைக் கேளுங்க. எனக்கு உடனே தேவையா, பொறுக்கலாமா? எந்த முறை, ஏன் அந்த முறை? இந்த முறையை டொக்டர் வழக்கமாகச் செய்கிறாரா? மயக்கம் முழுசா, பாதியா? எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோவிக்க மாட்டார்கள். பாஷை விளங்காவிட்டால் நலன்புரி உத்தியோகத்தரைக் கூட்டிப் போங்க. நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம்.

போவதற்கு முன் பீடி, சிகரட், சாராயத்தை நிறுத்துங்க. இருமல் இருந்தால் முதலில் அதற்கு மருந்து எடுங்க. குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்க, முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசை.

வந்த பிறகு அந்த இடம் கொஞ்சம் வீங்கும், நிறம் மாறும், நீர் கோர்க்கலாம். பெரும்பாலும் தானே வற்றும். காய்ச்சல், சீழ், சலம் போகாமை, கூடிக்கொண்டு போகும் வயிற்றுவலி வந்தால் உடனே திரும்பிப் போங்க. நாளெல்லாம் பாயில் படுக்க வேண்டியதில்லை. அன்றைக்கே எழும்பி நடக்கலாம். வலி விட விட சில நாளில் வீட்டு வேலைகளைச் செய்யலாம். ஆனால் உர மூட்டை, சீமெந்து மூட்டை வேறு கதை. டொக்டர் சொன்ன நாள் வரும் வரை அதைத் தொட வேண்டாம். மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், தண்ணீர் நிறைய எடுங்க.

கங்காணிமாருக்கும் மேஸ்திரிமாருக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியத் துண்டோடு வருபவருக்குச் சில கிழமைகளுக்கு இலேசான வேலை கொடுங்க. அவசரப்படுத்தி மூட்டையைத் தலையில் வைத்தால் ஒரு கிழமைப் பேருக்காக ஒரு வருடப் பேர் போகும். தொழிற்சங்கத் தலைவர்மாரும் இதைப் பேச வேண்டும். வீட்டிலுள்ள பெண்களே, புருஷனோ மகனோ நடையில் சாய்ந்தால், சாரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினால், நீங்களே கேளுங்க. அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்க. பலர் முன்னிலையில் கேட்கக் கூச்சமாக இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக வாங்க. நாளைக்குக் காலையில் ரயில் ஏறும் வரைக்கும் நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.